வெள்ளம் வடிந்ததும் வரும் வலிப்பு

நரம்பு டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மழை கொட்டுகிற நாளில் ஈ ஓட்டுவோம், தண்ணீர் வடிந்த மறுநாள் மூச்சுவிட நேரமிருக்காது. புனேயின் விஷ்ராந்த்வாடியில் பத்து வருஷமாக எனக்கு இதே பிழைப்பு. போன மழைக்காலத்தில் அணையைத் திறந்து ஆற்றோரத் தெருக்கள் மூழ்கினபோது பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சின்ன வெள்ளை மாத்திரை

பள்ளிக்கூடத்து வெள்ள முகாமிலிருந்து செல்வி என்ற பெண் தன் புருஷனைக் கூட்டிவந்தாள். வலிப்புக்காரர். மூன்று நாளாக மாத்திரை இல்லை. மருந்துச் சீட்டும் ஆற்றோடு போய்விட்டது. “மாத்திரை பேர் என்னம்மா?” என்றேன். “சின்னதா, வெள்ளையா இருக்கும்க்கா.” எல்லா மாத்திரையும் அப்படித்தான் இருக்கிறது! எரிச்சலோடு கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். நர்ஸ் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். டாக்டர் ஊசி போட்டார்.

அடங்கின பிறகு செல்வி அழுதாள்: “ஆதார், ரேஷன் கார்டெல்லாம் கவர்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினேன்க்கா, இந்த மாத்திரை ஞாபகமே வரல.”

பாணேர் போன்

அந்தக் கலவரத்திலேயே பாணேரிலிருந்து ஒருவர் போன். ஐ.டி.காரர். பார்க்கிங்கில் கார் மூழ்கினதிலிருந்து தலைவலியாம், இன்றைக்கே ஸ்கேன் வேண்டுமாம். “வலிப்பு வந்தவங்களே இங்க தரையில உட்கார்ந்திருக்காங்க சார்” என்றேன்.

“எனக்கும் மூளைதானே மேடம்?”

மரத்த கை

அன்று கடைசியாக வந்தவர் ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் ஃபிட்டர். இவருக்கும் ஆற்றோரத்தில்தான் வீடு. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, வாய் கோணியிருந்தது. பக்கவாதம். வெள்ளம் வந்த அன்றே கை மரத்துப்போயிருக்கிறது. வந்ததோ நாலாம் நாள். இதற்கான ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். டாக்டர் கத்திவிட்டார். எனக்கும் கோபம்தான், ஃபிட்டரின் மனைவி மராத்தியில் பதில் சொல்லும்வரை.

“பக்கத்து வீட்டு ஆறு பேரைத் தூக்கி மாடியில விட்டாரு. அந்தப் பளுவுலதான் கை மரத்துப்போச்சுன்னு சிரிச்சாரு, டாக்டர்.”

முன்ஜாக்கிரதை

அடுத்த மழை எச்சரிக்கை வந்ததும் வலிப்பு நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். மாத்திரையைக் கவரில் கட்டுங்கள், சீட்டைப் படம் எடுத்துவையுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். செல்வி அன்றே செய்துவிட்டாள். இன்னொருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“சரி மேடம், அப்ப நாளைக்கு கிளினிக் லீவா?”

வெள்ளம் வரும் என்று சொல்ல ஓர் ஆபீசே இருக்கிறது; வந்துபோன பிறகு டோக்கன் கொடுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.