உதட்டுச் சாயம் பூசிய கதாநாயகன்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் கல்லூரி மாணவன். ஒரு ஞாயிறு மதியம், திரைப்படச் சங்கம் ஒன்றில் பழைய வெளிநாட்டுப் பாட்டுப் படம் போட்டார்கள். உதட்டுச் சாயமும் குதிகால் செருப்புமாக ஓர் ஆண் ஆடிப் பாடினான். சிலர் எழுந்து போனார்கள். கல்லூரிப் பெண்கள் சிலரோ பாட்டுக்குக் கை தட்டினார்கள். கதவைத் தாழிட்டு அக்காவின் சேலையைக் கட்டிப் பார்ப்பவன் நான். அது முகத்திலேயே தெரிந்துவிடும் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

விளக்கு எரிந்ததும் முன்வரிசையிலிருந்து திரும்பியவர் என் சித்தப்பா. நாற்பதை நெருங்கியும், கல்யாணத்துக்குப் பார்த்த பெண்களையெல்லாம் தட்டிக்கழித்து வந்தவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். அருகில் வந்து கையைப் பிடித்தார்.

"கண்ணு, என்னைய இங்க பாத்தேன்னு ஊட்டுல சொல்லிப்போடாதே."

"சொல்ல மாட்டனுங்க சித்தப்பா. நீங்களும் சொல்லிராதீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரான கருமத்தம்பட்டிக்கு ஒரே பஸ்ஸில் வந்தோம். இறங்கியதும், "நீ முன்னால போ, நான் பொறவு வாரேன்" என்றார்.

அந்த வாரமே, வீட்டில் பார்த்திருந்த ஈரோட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சித்தப்பா சரியென்றுவிட்டார். வீடே மகிழ்ந்தது. "அடுத்தது உனக்குத்தான் கண்ணு" என்று அம்மா சிரித்தபோது பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.