முணுமுணுப்பின் ஜன்ம விரோதி

"முப்பத்து நாலு வருஷத்துல என் வகுப்புல ஒருத்தன்கூட இன்னொருத்தனுக்கு விடை முணுமுணுத்துத் தப்பிச்சதில்ல. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் லத்தீன் கேக்குற இடத்துல முணுமுணுப்பு கேக்காது."

லெயோனில்டே மத்தியாச்சி ஓய்வு பெற்ற அன்று, பாதாம் கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி இதை அறிவித்தாள். கத்தியை உத்தேசித்து யாரும் மறுத்துப் பேசவில்லை.

உம்பிரியா மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் இது சாதாரணச் சபதமல்ல. வாத்தியார் கேள்வி கேட்கும்போது பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு விடையை முணுமுணுக்காதவனை இங்கே மனிதனாகவே மதிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் லெயோனில்டே அந்தத் தர்மத்தை வேரோடு பிடுங்க அவதாரம் எடுத்தவள். முணுமுணுத்த குற்றத்துக்காக இவானா என்ற பெண்ணை ஒரு வருஷம் அதே வகுப்பில் உட்கார வைத்தவள்.

அந்த இவானாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. சந்தை வீதியில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். நகராட்சிக் கூடத்தில் லெயோனில்டே பெரியவர்களுக்காக லத்தீன் மாலை வகுப்பு தொடங்கியபோது முதலில் பெயர் கொடுத்தவளும் அவள்தான். பழிவாங்கவா, பாசத்தாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

வகுப்பில் மொத்தம் ஆறு பேர். பாடமுறை டீச்சரின் சொந்தக் கண்டுபிடிப்பு: ஒரு பக்கம் வினைச்சொற்கள், மறுபக்கம் பழைய ரோமானிய நகைச்சுவை நாடகம். முதல் மாதம் 'புகழ்கிறேன், புகழ்கிறாய்' என்று கண்ணியமாகப் போனது. யார் மனதிலும் ஒன்றும் தங்கவில்லை. நாடகத்துக்குள் நுழைந்து, அடிமை எஜமானின் ஒயினைத் திருடிக் குடித்து உதை வாங்கும் இடம் வந்ததும், 'குடிக்கிறேன், பறிக்கிறேன், உதை வாங்குகிறேன்' மூன்றும் ஒரே மாலையில் ஆறு பேருக்கும் மனப்பாடம். நல்ல காரியம் செய்யும் வினை எதுவும் இந்த ஊர் மண்டையில் ஏறாது என்று டீச்சர் வருந்தினாள்.

அவள் உயிரை வாங்கியவன் நாத்ஸரேனோ. கசாப்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவன். அடிமை வேடம் அவனுக்கு. லத்தீன் சொல் மறந்தால் ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லை எடுத்து, அதன் வாலை லத்தீன் மாதிரி இழுத்துவிட்டுத் தைரியமாகச் சொல்லிவிடுவான்.

"நாத்ஸரேனோ, இது லத்தீனே இல்ல."

"என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க. லத்தீன் நம்ம பேச்சுக்கு அம்மாதான? அம்மாகிட்ட பேசறதுக்குக்கூட இலக்கணமா?"

"உங்கம்மாகிட்ட நீ எப்படி வேணா பேசு. இந்தம்மாகிட்ட ஒழுங்காப் பேசு."

"டீச்சர், அவங்கம்மாவே அவன்கூடப் பேசி ரெண்டு வருஷமாச்சு," என்றாள் இவானா.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அன்று மட்டும் அது ஏழாவது தடவை. "ஊர்ப் பேச்சு மாதிரி இருக்குற எதுவும் உன் வாயில வரக் கூடாது. வந்தா வாயை மூடிக்கோ. புரியுதா?"

"புரியுது டீச்சர். மூடிக்கிறேன்."

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. நகராட்சிக் கூடத்தின்மேல் சீட்டாட்டச் சங்கத்துக்கு நெடுநாளாக ஒரு கண். நகராட்சி உறுப்பினர் பால்தீனி வந்து டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஜூன் மாசம் பழைய அரங்கத்துல ஒரு காட்சி முழுசா லத்தீன்ல நடத்திக் காட்டுங்க. நடுவுல நின்னாலும் சரி, ஊர்ப் பேச்சு கலந்தாலும் சரி, கூடம் சீட்டுக்காரங்களுக்கு." கூடம் போனால் வகுப்பு போயிற்று. வகுப்பு போனால், லெயோனில்டே மாலை ஐந்து மணியிலிருந்து தொலைக்காட்சியோடு சண்டை போட வேண்டியதுதான்.

"மேடைக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னு வரிய எடுத்துக் குடுக்கட்டுமே. எல்லா நாடகத்துலயும் உண்டுதான?" என்று கேட்டாள் இவானா.

"என் நாடகத்துல கிடையாது."

"நானே நிக்கறேன் டீச்சர். எனக்கு அனுபவம் இருக்கு. சான்றிதழ் நீங்க குடுத்ததுதான்."

டீச்சர் எஜமானி வேடத்தை அவளுக்குக் கொடுத்து, மேடையின் நட்டநடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்திவிட்டாள்.

ஜூன் மாத ஞாயிறு, மாலை ஆறு மணி. கற்படிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் பால்தீனி. பக்கத்தில் சீட்டாட்டச் சங்கம், துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல அடக்கமாக. ஒயின் திருட்டு அமோகமாக நடந்தது; உதைக்குக் கைதட்டல் விழுந்தது. பிறகு எஜமானி, நீதானே திருடினாய் என்று கேட்டாள். அடிமை 'மறுக்கிறேன்' என்று ஒரே சொல் சொல்ல வேண்டும்: 'நெகோ.'

நாத்ஸரேனோ வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

தூணுக்குப் பின்னால் நின்ற லெயோனில்டேவுக்கு விளங்கிவிட்டது. லத்தீனில் 'நெகோ' என்றால் எங்கள் பேச்சிலும் 'நெகோ'தான். எடை குறைகிறதே என்று கேட்டவர்களிடம் கசாப்புக் கடையில் தினமும் அவன் சொன்ன சொல். இவ்வளவு சுலபமாக வருவது லத்தீனாக இருக்க முடியாது என்று பயந்து, டீச்சர் சொன்னபடி வாயை மூடிக்கொள்கிறான். ஆறு மாதத்தில் அவள் பேச்சை அவன் கேட்ட முதல் தடவை அதுதான்.

பால்தீனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடை நடுவில் இவானா உதட்டை இறுக்கிக்கொண்டு, தூண் பக்கம் பரிதாபமாகப் பார்த்தாள்.

லெயோனில்டே சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து, தும்மப்போகிறவளைப் போல வாயை மறைத்துக்கொண்டாள்.

"நெகோ," என்றாள், மூச்சுக்காற்றில்.

"நெகோ," என்று முழங்கினான் நாத்ஸரேனோ. படிகள் அதிரச் சிரிப்பு எழுந்தது. அடுத்த வரிக்கு அவன் யோசிக்கவே இல்லை. இரண்டடி நகர்ந்து வந்து, தூண் பக்கமாகக் காதைக் கொடுத்து நின்றான். அவளும் கைக்குட்டையை இறக்கவில்லை.