பென்சில் தேய்த்த நம்பர்

தனக்கு லாபம் வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன். முப்பது வருஷம் போலீஸில் இருந்து ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றவள் நான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், முதலில் ஓநாயின் வீட்டு விலாசத்தைத்தான் குறித்துக்கொள்வேன்.

எங்கள் கார் எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போய்வர அது தாராளம். ஆனால் மகள் இருப்பது குமுளியில். போன வருஷம் மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. என் கணவருக்கு இரண்டு கால் முட்டும் போய்விட்டதால் இறங்கித் தள்ள முடியாது. பட்டாளத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடிக்க அடிக்கத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சினைப் பெரிதாக்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் என் கணவருக்குத் தம்பி மாதிரி. வண்டி வாங்கிய நாளில் இருந்து அவர் கை தவிர வேறு கை அதில் பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கருப்பு டூல்ஸ் பையோடு வீட்டுக்கு வருவார். எதையாவது முடுக்குவார், பிறகு இருவரும் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். முட்டு போன பிறகு என் கணவரைத் தேடி வருகிற ஒரே ஆள் அவர்தான்.

இரண்டு வழி இருந்தது. சிலிண்டரை லேத்தில் போர் பண்ணி அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். அல்லது இந்த எஞ்சினையே இறக்கிவிட்டு நான்கு சிலிண்டர், ஆயிரம் சிசி எஞ்சினை ஏற்றலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

"வேண்டாம் மதினி, போர் பண்ணுவோம். போதும்" என்றார் மெக்கானிக்.

"போர் பண்ணுனா எம்புட்டு சிசி கூடும்?"

"நூலளவுதான். ஆனா தேய்மானம் போயிரும், மலை ஏறும். பெரிய எஞ்சின்னா ஆர்.சி.ல ஏத்தணும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டு நிறுத்தி நம்பர் காட்டணும். உங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல்?"

போலீஸ்காரிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் பூச்சாண்டி! பெரிய வேலை, பெரிய கூலி, அதை விட்டுவிட்டுச் சின்ன வேலை போதும் என்கிறார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, வேறு பட்டறையில் விடுவோம் என்று நினைத்தேன். புது ஆளை மட்டும் எப்படி நம்புவது? நல்ல எஞ்சினைக் கழற்றிவிட்டு ஓட்டை எஞ்சினை மாட்டிவிட்டால்? அதனால் விடுவதற்கு முன் ஸ்டேஷன் பழக்கப்படி பென்சில் பிரிண்ட் எடுத்தேன். எஞ்சின் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் எழும். எழுந்தது. ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். கடைசி மூன்று எண்ணும் வேறு.

வேறு கை படாத வண்டி. அப்படியென்றால் திருடன் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. நம்பர் காட்ட வேண்டாம் என்று அவர் ஏன் துடித்தார் என்பதும் விளங்கிவிட்டது. ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கேஸ் துலங்கிய சந்தோஷம்.

கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக ராஜபாளையம் போய், பட்டறை ஆட்கள் நான்கு பேர் முன்னால் தாளை நீட்டினேன். "எங்க எஞ்சின் எங்க?"

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க என்ன நினைக்கியளோ அப்படியே வச்சுக்கோங்க மதினி."

என் அனுபவத்தில் மறுக்காதது பாதி வாக்குமூலம். "பையைத் திறங்க" என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, வாய் பழக்கம். அவர் மறுபேச்சில்லாமல் ஜிப்பைத் திறந்து காட்டினார். ஸ்பானர், திருப்புளி, ஒரு பாட்டில் முட்டுவலித் தைலம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதற்காக வாங்கி வைத்திருந்தார் போல.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. என் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசல் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு மேலுக்கு முடியலையோ?" என்று மூன்றாம் முறை கேட்டபோது, தாளை எடுத்து அவர் மடியில் வைத்து, நான் கண்டுபிடித்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஏட்டி, அந்த எஞ்சினை மாத்தச் சொன்னது நான்" என்றார்.

நான் சர்வீஸில் இருந்தபோது, ஒரு புரட்டாசி சனிக்கிழமை, எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் பந்தோபஸ்துக்கு நான் காரை எடுத்துப் போன நாளை அவர் நினைவுபடுத்தினார். எனக்கும் நினைவிருந்தது. கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து வரும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வயர் கோளாறு, பொய்யாக எரிகிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே வந்தேன். விளக்கைக்கூட நான் நம்பவில்லை.

"மறுநாள் வண்டி கிளம்பலைல்ல? ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல. எஞ்சின் ஜாம் ஆயிருச்சு. பேட்டரின்னு உங்கிட்டச் சொல்லிட்டு அவன்கிட்ட அனுப்பிச்சேன். பில்லோட அதே மாதிரி எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போட்டான்."

"எங்கிட்டச் சொல்லி ஆர்.சி.ல ஏத்தியிருக்கலாமே?"

"சொல்லதுக்கு முன்னாடியே வண்டி பதியாத நம்பரோட ரெண்டு நாள் ரோட்டுல ஓடிருச்சு. நம்பர் மாறுன வண்டின்னு அந்த மாசந்தான் உன் சொந்தச் சித்தப்பா மவன் வண்டியைப் புடிச்சு ஸ்டேஷன்ல நிறுத்துன. நீ உம்மேலயே கேஸ் எழுதுற ஆளு. சொல்லப்படாதுன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்கினேன்."

எழுதியிருப்பேன். அவமானத்தில் காது சுட்டது. பேட்டரி மாற்ற நான்கு நாளா என்று அந்தக் காலத்தில் நான் கேட்கவில்லையே என்றும் ஒரு பக்கம் மனசு அரித்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அதே நான்கு பேரும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "தப்பு எம்மேலதான் தம்பி, மன்னிச்சிருங்க" என்றேன்.

"அண்ணன் சொல்லிட்டாவளா?" என்று கேட்டு அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப பெரிய எஞ்சினே போட்டுருவோம் மதினி. பழைய பில்லு பத்திரமா இருக்கு. கட்ட வேண்டிய அபராதத்தைக் கட்டி எல்லாத்தையும் நேராக்கிருவோம்."

நேராக்கினோம். இப்போது வண்டியில் நான்கு சிலிண்டர், ஆர்.சி.யில் சரியான நம்பர். என் கணவர் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து குமுளி மலை ஏறினார்.

மெக்கானிக் பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். தைலம் கொண்டுவருகிறார், மத்தியானம் வரை பேசுகிறார். கிளம்பும்போது மட்டும் வாசல் கேட் பக்கத்தில் நின்று, பையின் ஜிப்பைத் திறந்து, எனக்குத் தெரியும்படி செத்த நேரம் பிடிக்கிறார். "வேண்டாம் தம்பி" என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். "இருக்கட்டும் மதினி" என்று சிரிக்கிறார்.

ஒவ்வொரு வாரமும் நான் உள்ளே பார்த்துவிடுகிறேன்.