என் கட்டிலில் ஒரு கதாநாயகன்

கூடுவாஞ்சேரியில் புதிதாக வீடு கட்டியிருந்த ஒருவரின் கூடத்தில் உட்கார்ந்து, ஆயுள் காப்பீட்டின் அவசியத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். காப்பீட்டு முகவரான நான் எல்லா வீட்டிலும் சொல்லும் வரி ஒன்று உண்டு: "நாளைக்கே நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பம் என்ன பண்ணும் சார்?" அன்று அந்த வரியின் நடுவில் நாக்கு குழறியது. 'குடும்பம்' என்று சொல்லப் போனேன், வாயோரம் எச்சில்தான் வழிந்தது.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன சார், காலையிலேயேவா?" என்றார். குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று கையை ஆட்டப் பார்த்தேன். கை பேச்சைக் கேட்கவில்லை, அதிலிருந்த காபி அவருடைய புது சோபாவில் கொட்டியது. அதற்கப்புறம்தான் அவருக்கு விபரீதம் புரிந்து, தன் காரிலேயே தாம்பரத்துக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நல்ல மனிதர். பின்னால் பாலிசியும் எடுத்தாராம், வேறொரு முகவரிடம்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை தளர்ந்தால், வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள். அந்த மனிதர் சோபாவைத் துடைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு வந்தது பிரெய்ன்ஸ்டெம் ஸ்ட்ரோக் (மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் பகுதியில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது). கைகால் நான்கும் போயின. முகம் அசையவில்லை. மூச்சுக்கு டிராக்கியாஸ்டமி (தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பது), சாப்பாட்டுக்கு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்). ஆனால் காது நன்றாகக் கேட்டது. புத்தி தெளிவாக இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். வாயை வைத்தே பிழைத்தவன் நான். இப்போது என்னைச் சுற்றி நின்று "பாவம், நல்லா பேசுவார்" என்று இறந்தகாலத்தில் பேசினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கத்தி அழக்கூட வழியில்லாத பயம். இப்படியே உள்ளே கிடக்கிறேன் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ என்று நினைத்தேன். அந்த நாட்களில் செத்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

என்னைக் கண்டுபிடித்தது ஸ்கேன் இல்லை, என் மனைவி ஜெயந்தி. ஒரு நாள் ஐ.சி.யூ.வுக்கு அவளுடைய அண்ணன் பாஸ்கர் வந்திருந்தார். கட்டிலருகே நின்று, "நான் அப்பவே சொன்னேன் மாப்பிள கிட்ட. என்னைப் பாருங்க, தினமும் செம்பாக்கம் ஏரியைச் சுத்தி நடக்கறேன், ஒரு மாத்திரை கிடையாது" என்று ஆரம்பித்தார். இந்த ஏரிப் புராணத்தை நான் எல்லா விசேஷங்களிலும் கேட்டிருக்கிறேன். என் கண் தானாக மேலே போனது.

ஜெயந்தி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "டாக்டர், இவருக்கு நினைவு இருக்கு."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"எங்கண்ணன் வாயைத் தொறந்தா இவர் இப்படித்தான் மேல பார்ப்பார். கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். "ஆமான்னா மேல பாருங்க. இல்லைன்னா கண்ணை இறுக்கி மூடுங்க. உங்க பேர் பாஸ்கரா?" அவசரமாக மூடினேன். "சேகரா?" மேலே பார்த்தேன். ஜெயந்தி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பாஸ்கர், தான் வந்ததால்தான் எனக்கு நினைவு திரும்பியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொண்டைத் துளையை மூடி, மூக்குக் குழாயோடு செம்பாக்கம் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைத் தூக்கித் திருப்ப, துடைக்க டேவிட் என்ற உதவியாளர் வந்தார். ஆள் நல்ல பலசாலி, வாய் அதைவிடப் பலசாலி. கழுத்தும் உதடும் கொஞ்சம் அசையத் தொடங்கின. "இந்த முதல் மாசங்கள் முக்கியம். பயிற்சியை விட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விழுங்கவும் ஒலி எழுப்பவும் பலகையில் உள்ள எழுத்துகளைக் கண்ணால் காட்டிப் பேசவும் கற்றுக்கொடுக்க ஒரு பேச்சுப் பயிற்சியாளரை ஏற்பாடு செய்தோம்.

அதுவரை என் மொத்த அகராதியும் ஆமாம், இல்லை இரண்டுதான். இரண்டை வைத்து எப்படியும் பிழைத்துவிடலாம், கேட்கிறவர்களுக்குக் கேட்கத் தெரிந்தால். நம் ஜனங்களுக்கோ இரட்டையாகக் கேட்டுத்தான் பழக்கம். "ஃபேன் வேணுமா, வேணாமா?" என்பார்கள். இதற்கு நான் எந்தப் பக்கம் பார்ப்பது? இன்னும் சிலர், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டு, "ம், சாப்ட்டிருப்பீங்க" என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியாதவனுக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் வந்து குவிந்தன. அதைத் தின்று டேவிட் நிறம் ஏறினார்.

ஜெயந்தி மட்டும் என்னைத் திட்டினாள். "சும்மா படுத்துக் கெடந்தா ஆச்சா? அந்த விரலை அசைங்க பாக்கலாம். பாலிசி விக்கறதுக்கு மாடி மாடியா ஏறினீங்க இல்ல?" என்பாள். அந்தத் திட்டு எனக்கு மருந்து. திட்டுகிறாள் என்றால் நான் இன்னும் கணக்கில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

இந்த நிலையில்தான் சினிமா வந்தது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் முரளி, கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவர். சனி, ஞாயிறுகளில் குறும்பட இயக்குநர். பக்கவாதத்தில் விழுந்த ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறேன், உங்கள் வீட்டிலேயே எடுக்கிறேன் என்று வந்து நின்றார். "கட்டில், வீல்சேர், டிரிப் ஸ்டாண்டு எல்லாம் ரெடியா இருக்கே மேடம்" என்றார். எனக்குப் பொழுதுபோகும் என்று ஜெயந்தி சம்மதித்தாள். அவர் என்னிடமும் முறையாக அனுமதி கேட்டார்: "சார், உங்களுக்கு ஓகேவா, இல்லையா?"

கதாநாயகன் அவருடைய அலுவலக நண்பர். ஜிம்முக்குப் போகிற உடம்பு. என்னை வீல்சேரில் மூலையில் உட்காரவைத்துவிட்டு, என் கட்டிலில், என் லுங்கியைக் கட்டிக்கொண்டு படுத்தார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது அன்று நிரூபணம் ஆயிற்று. ஒரு நிமிஷம் அசையாமல் கிடக்க அவரால் முடியவில்லை. கொசு கடித்தால் கால் உதறுகிறது. தும்மல் வருகிறது. கட்டில் ஓரத்தில் கை தொங்கினால் தானாக மேலே வந்து மீசையைத் தடவுகிறது.

"இன்னா சார் இவுரு, நெளிஞ்சிகினே கீறாரு" என்று டேவிட் நொந்துகொண்டார். "எங்க சாரப் பாத்துக் கத்துக்க சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உச்சக்காட்சியை முரளி எங்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நாயகன் எழுத்துப் பலகையைக் கண்ணால் காட்டி மனைவியிடம் ஒரு செய்தி சொல்கிறான். (அந்தப் பலகை எனக்கே இன்னும் வந்து சேரவில்லை, படத்துக்கு வந்துவிட்டது.) ஒவ்வோர் எழுத்தாக அவள் கூட்டிப் படிக்கிறாள்: 'என்னைப் போக விடு.' பிறகு வயலின்.

முரளி குரல் தழுதழுத்தது. டேவிட் மூக்கை உறிஞ்சினார். ஜெயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கெக்கெக்கென்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்கும் ஒரு பெயர் உண்டு: சூடோபல்பார் அஃபெக்ட் (மனசைக் கேட்காமல் சிரிப்போ அழுகையோ தானாகப் பீறிடுவது). இழவு வீட்டுச் செய்திக்குச் சிரிப்பேன், தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தால் அழுவேன். சிரித்துச் சிரித்து அன்று கண்ணில் நீர் கொட்டியது. ஜெயந்தி சத்தத்தை வியாதிக் கணக்கில் தள்ளிவிட்டு அந்த நீரை மட்டும்தான் பார்த்தாள். முரளி சன்னமான குரலில், "சார் மனசுல இருக்கறதைத் தொட்டுட்டேன்னு நினைக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஜெயந்தி திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

தலையைக் கோதினாள். மெதுவாகப் பேசினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பக்திப் பாட்டு ஓடவிட்டாள். விரலை அசைக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் கூடத்தில் போனில் பேசியது காதில் விழுந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம், "கொஞ்ச நாள் வராதீங்க சார். அவரைப் படுத்த வேண்டாம்னு பாக்கறேன். அவருக்கே வேணாம் போலருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி நின்றால் பேச்சு வராது, விழுங்குவதும் வராது, குழாயோடு இப்படியே கிடக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், நான் போக விரும்புவதாக இவள் நினைத்துக்கொண்டு தனியாக அழுகிறாள். வேண்டாம் என்று யார் சொன்னது? யாரோ எழுதிய வசனத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? என்னிடம் பதில் இருந்தது. ஆனால் என் பேச்சு மற்றவர் கேள்வியில்தான் தொடங்க முடியும். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. நான் முறைத்துப் பார்த்தேன். அவள் பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள்.

உச்சக்காட்சி எடுக்கும் நாள் வந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் முரளி என் பக்கம் திரும்பி, "சார், ஓகேவா?" என்று கேட்பார். மரியாதைக்குக் கேட்பதுதான். நான் மேலே பார்ப்பேன், அவர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவார். அன்றைக்கு அவர் கேட்டதும் கண்ணை இறுக்கி மூடினேன். மூடியபடியே இருந்தேன்.

"சார் தூங்கிட்டார்" என்றார் கதாநாயகன், என் கட்டிலிலிருந்து.

"தூங்கல சார். மூஞ்சப் பாரு, கோவமா கீறாரு" என்றார் டேவிட்.

முரளி பயந்துபோய் அருகில் வந்தார். "லைட் கண்ணைக் கூசுதா சார்?" மூடினேன். "நடிப்பு சரியில்லையா?" அதுவும் உண்மைதான், ஆனால் விஷயம் அதுவல்ல. மூடினேன். "வசனமா?" கண்ணை எவ்வளவு மேலே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு மேலே கொண்டுபோனேன்.

"சார், அந்த வரிதான் சார் படமே!"

சமையலறை வாசலில் நின்ற ஜெயந்தி, கையிலிருந்த காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "என்னைப் பாருங்க. உங்களுக்குப் போயிடணும்னு தோணுதா, தோணலையா?"

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி, இரட்டையாக வந்தது. நான் திருதிருவென்று விழித்தேன். அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, ஒண்ணொண்ணாக் கேக்கறேன். எப்பவாவது தோணிச்சா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. மேலே பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலயா?"

மேலே பார்த்தேன்.

"இப்பவுமா?"

மூடினேன். சந்தேகமே வரக்கூடாது என்று முகம் நடுங்கும்வரை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்போ அன்னைக்குக் கதை கேட்டு அழுதீங்களே, அது அந்தச் சிரிப்புதானா?" ஆமாம். "நான் பாட்டு போட்டுவிட்டதெல்லாம் பிடிக்கலையா?" ஆமாம், ஆமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்புறம் என்ன கேடு உங்களுக்கு? நாளைக்கே அந்தப் பயிற்சிக்காரரை வரச் சொல்றேன். ஒழுங்கா வாயைத் தொறக்கல, அப்புறம் பாருங்க!" என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையான திட்டை நான் வாங்கியதில்லை.

முரளி பரிதாபமாக நின்றார். "அப்போ ஹீரோ என்னதான் சார் சொல்லணும்? 'நீதான் என் உயிர்'னு சொல்லலாமா?" மூடினேன். "நன்றி?" மூடினேன். ஜெயந்தி என்னை உற்றுப் பார்த்தாள். "இருங்க முரளி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தாள். "உங்களுக்கு மூக்கு அரிக்குதா?"

மேலே பார்த்தேன். குழாய் ஒட்டிய பிளாஸ்திரிக்கு அடியில் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அவள் நகத்தால் மெதுவாகச் சொறிந்தாள். அந்தச் சுகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

முரளி மாடிக்குப் போய் யோசித்துவிட்டு வந்து, உச்சக்காட்சியை எங்கள் கூடத்தில் நடந்தபடியே எடுத்தார். படத்தைக் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் திரையிட்டார்கள். நாயகனின் மனைவி என்னென்னவோ பெரிய பெரிய விஷயங்களைக் கேட்டு, கடைசியில் மூக்கைச் சொறிந்துவிடும்போது அரங்கமே சிரித்தது. சில பெண்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தவர்களிடம் "அது ஒரு வியாதிங்க" என்று சொல்ல ஆரம்பித்த ஜெயந்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, நிஜமாவே சிரிக்கறார்" என்றாள்.

மூக்குக் குழாய் போய்விட்டது. கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தால் காபி விழுங்குகிறேன். சில ஒலிகள் வருகின்றன. வலது கையில் ஒரு விரல் நான் சொல்வதைக் கேட்கிறது, அந்த விரல்தான் இதை எழுதியது. மற்றவை இனிமேல் வருமா என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் இந்த உடம்பை ஸ்கூட்டர் மாதிரி உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவேன். இப்போது அதற்குத் தோன்றும்போது ஒரு விரலைக் கொடுக்கிறது, வாங்கிக்கொள்கிறேன். ஒரு பத்தி எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. எனக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

தினமும் காலையில் முகம் துடைத்துவிட்டு, காபியோடு வந்து உட்கார்ந்து, ஜெயந்தி ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். ஒற்றையாக. "போதும்னு தோணுதா?"

கண்ணை மூடுகிறேன். சில நாள் மூடுவதற்குக் கொஞ்சம் நேரமாகும். அவசரப்படுத்த மாட்டாள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மூடித் திறந்ததும், "அப்போ வாயைத் தொறங்க, ஆறுது" என்பாள்.