உது

சண்டிலிப்பாயில் ஒருத்தி ஒரேயொரு சொல்லுக்காக மகளின் கலியாணத்தைக் குழப்பப் பார்க்கிறாளாம் என்று உரும்பிராய்ச் சந்தையில் கதை. சொன்னவளும் கண்டதில்லை, ஆரோ சொல்லக் கேட்டதுதான். "தாய்க்காரிக்கு விசராம், பைத்தியமாம்."

அந்தத் தாய்க்காரி குணலட்சுமி. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி, பருப்பு நிறுக்கிறவ. புருசன் சோமசேகரம் கலியாணம் முடித்த நாள்தொட்டு அவவைப் பேர்சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரியாதைக்கு 'அவ' என்றதுமில்லை; 'உது'தான். "உது சமைச்சுப்போட்டுதோ?" "உதுக்கு என்ன தெரியும்?" கட்டிநிற்கிற ஆட்டைச் சொல்வதுபோல. முதலில் சுட்டது. பிறகு, சட்டியை வெறுங்கையால் இறக்கிப் பழகின விரல்போல ஒன்றும் தெரியாமற் போயிற்று.

கடையில் சேர்ந்த அன்று மனேச்சர் செல்வரட்ணம் யாரிடமோ, "அவ வந்திட்டா, அவவைக் கேளுங்கோ" என்றார். யார் வந்தது என்று குணலட்சுமி திரும்பிப் பார்த்தா.

மகள் மீனாம்பிகைக்குக் கொழும்பில் வங்கி வேலைக்காரன் ஒருவன் பொருந்தி வந்தான். தியாகராசா. பெண் பார்க்க வந்தவன் கோப்பியை உறிஞ்சியபடி, அவளை வைத்துக்கொண்டே சோமசேகரத்தைக் கேட்டான்:

"மாமா, இது கதைக்குமோ?"

"உது தாயைப் போலை. கதைக்காது, கடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். பழக்கத்தில் குணலட்சுமியும் சிரித்தா.

அவர்கள் போனபின் கோப்பிப் பேணிகளைக் கழுவிக்கொண்டு மகள் சொன்னாள்: "எனக்கு இவ்வளவு நீட்டுக்குப் பேர் வைச்சது வீணாப் போச்சம்மா."

குணலட்சுமிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீடும் வளவும் அவவின் சீதனம். அவ கையெழுத்து வைத்தால்தான் மகளுக்குப் போகும், அது போனால்தான் கலியாணம். சோமசேகரத்திடம் போய், "மாப்பிள்ளை என்ரை பிள்ளையை ஒருக்கா 'அவ' எண்டு சொல்லட்டும். பிறகு கையெழுத்து வைக்கிறன்" என்றா.

கதவு கதைத்ததுபோல அவர் பார்த்தார். "உதுக்கு விசர்!" அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை உரும்பிராய்க்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு வெளிக்கிட்டார். "அங்கையிருந்து மத்தியானம் கடைக்குப் போன் எடுப்பன். கையெழுத்துக்கு ஓம் எண்டால் காணும், வேறை ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

மத்தியானம் மணி அடித்தது. செல்வரட்ணம் கையை நீட்டிவிட்டு, நிறுத்தினார். "உங்களுக்குத்தான் இருக்கும் தங்கச்சி."

எடுத்தால் வழக்கம்போல முதலில் என்ன கேட்கும் என்று இருவருக்கும் தெரியும்: "உது நிக்குதோ?"

குணலட்சுமி சீனிச் சரையைக் கட்டி, நூலை அறுத்தா. அடுத்து நின்ற ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றா.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.