மூன்றாவது பையனின் சட்டைப் பொத்தான்

படம் வாட்சப்பில் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படத்தில் மூன்று பையன்கள். ஒருவன் மாடியில் நின்று கைகாட்டுகிறான். இன்னொருவன் தெருவில் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்திருக்கிறான். மூன்றாமவன் ஓரமாக நிற்கிறான். தோளில் சாக்கு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை. கீழே, "எப்புடி இருக்கு மாப்ள?" என்று ஒரு வரி.

நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் நிற்பவன் நான் என்று பார்த்ததுமே தெரிந்ததால்தான் நெருடியது.

அனுப்பியவன் என் பால்ய சிநேகிதன். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. சாமி ஊர்வலம் வருகிற தெருவில் மாடிவீடு. அந்த வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருந்த சந்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என்னைப் படிக்கவைப்பதற்காகவே அப்பா விழிதியூரை விட்டுக் காரைக்கால் டவுனுக்குக் குடிவந்தார். வயலுக்குத் தினமும் மொபெட்டில் போய்வருவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான் என்பதால் அம்மா என்னைப் படம் பிடிக்க அனுப்புவதுபோலத்தான் தினமும் அனுப்புவாள். மூன்றாவது சிநேகிதன் மாடிவீட்டுக்கு எதிர்வீடு. இப்போது தலத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

சாயங்காலம் மாடிவீட்டு டிவியில் ஒரு கார்ட்டூன் வரும். ஒரே தெருவில் இருக்கிற மூன்று பையன்கள் மற்ற பிள்ளைகளை ஏமாற்றி மிட்டாய் சம்பாதிக்கத் தினமும் ஒரு திட்டம் போடுவார்கள், தினமும் மாட்டிக்கொள்வார்கள். ஒருவன் யோசிப்பான், ஒருவன் சாமான் செய்வான், ஒருவன் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வருவான். நம்மில் யார் எவன் என்று மற்ற இருவரும் சண்டை போடுவார்கள். என்னை யாரும் கேட்டதில்லை.

மாடிவீட்டுக்காரன் இப்போது பாரிசுக்கு வெளியே ஒரு கார்ட்டூன் கம்பெனியில் படம் போடுகிறான். அந்தப் பழைய கார்ட்டூனைப் புதிதாக எடுக்கப்போவதாக அங்கே யாரோ பேசிக்கொண்டார்களாம். எடுத்தால் காரைக்காலில்தான் எடுக்க வேண்டும், நம் மூன்று பேரையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும், மாதிரிக்கு ஒரு கதை வரைந்து கம்பெனியில் காட்டப்போகிறேன் என்று ஒருநாள் குரல் பதிவு அனுப்பினான். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. குடையையும் சாக்கையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆனி மாதம் பிச்சாண்டவர் சப்பரம் தெருவில் வரும்போது வேண்டுதல் உள்ளவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே கூட்டம் அதைப் பிடிக்கத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தக் கார்ட்டூன் ஓடிய வருடம் மாடிவீட்டுக்காரனின் சித்தி, அவன் அம்மாவின் தங்கை, பிள்ளை வரம் வேண்டி பிரான்சிலிருந்து வந்திருந்தார். கூடை நிறையப் பழம். ஆனால் வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆசைக்கு ஆளுக்கு நாலு வீசியதில் சப்பரம் வருவதற்குள் கூடை பாதிக்குமேல் காலி. கூட்டத்தைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போக வழியில்லை.

திட்டம் மாடிக்காரனுடையது. எதிர்வீட்டுக்காரன் குடையில் பழத்தைப் பிடிக்க வேண்டும். நான் அதைச் சாக்கில் வாங்கிச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓட வேண்டும். மாடிக்காரன் வாளியைக் கயிற்றில் இறக்கி மேலே தூக்கி, வெளியில் சொல்லிவைத்து வாங்கிய பழம் என்று சித்தியிடம் கொடுப்பான். விலை, சித்தியின் பெட்டியில் இருந்த பிரெஞ்சு சாக்லேட். முதல் வாளி மேலே போய்ச் சாக்லேட் கீழே வந்துவிட்டது. இரண்டாவது வாளியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாடிக்காரனின் அப்பா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார். தேடக்கூட இல்லை. நான் அங்கே இருப்பேன் என்று தெரிந்து வந்தவர்போல வந்தார்.

எதிர்வீட்டுக்காரன் கூட்டத்தில் மறைந்துவிட்டான். மாடிக்காரன் மாடியிலேயே இருந்தான். சாக்கோடு நின்றது நான். சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்த சட்டையோடு போய் அந்த வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டார். சாமிக்குப் போட்ட பழத்தைத் திரும்ப விற்ற பையனின் அப்பா என்று. அதன்பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. கார்ட்டூன் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாதம் முடிவதற்குள் மாடிக்காரன் பிரான்சுக்குப் போய்விட்டான். இரண்டு பேரில் எவனோ ஒருவன்தான் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேதான் நான் எதிர்வீட்டுக்காரனோடு ப்ளஸ் டூ வரை ஒரே சைக்கிளில் போனேன்.

மறுநாள் மிச்சப் படங்கள் வரிசையாக வந்தன. வாளி, கயிறு, சாக்லேட், எல்லாம் இருந்தது. கடைசிக்கு முந்தின படத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட பையன், ஒரு பெரியவரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கு இல்லாமல் இருந்தாலும் அவன்தான். ஒரு கம்பெனி முழுக்க உட்கார்ந்து பார்க்கப்போகிறது. நாளைக்கு டிவியிலும் வரலாம், என் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கலாம், அப்பா பார்க்கலாம். பள்ளி விட்டதும் நேராக மொபைல் கடைக்குப் போனேன்.

எதிர்வீட்டுக்காரன் ஒரு போனின் முதுகைக் கழற்றிவைத்திருந்தான். படத்தைக் காட்டினேன். அவன் பார்த்த வேகத்திலேயே அவனுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது என்று புரிந்தது.

"அப்ப நீ சொல்லலியா?" என்றான்.

"நானா? மாட்டுனவனே நான்டா."

"அதான் ஒன்னப்பத்தி பாரிசுக்காரங்கூட சொல்லுவான். பயந்தாங்கொள்ளி, அவனே போயி உளறிட்டு, மாட்டிக்கிட்ட மாதிரி நின்னுட்டான்னு."

அவன் திரும்பப் போனைக் குடைய ஆரம்பித்தான். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் அவர்களைச் சந்தேகப்பட்ட இத்தனை வருடமும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், என்னை மன்னிக்கவும் செய்திருக்கிறார்கள்.

கடையிலிருந்தே மாடிக்காரனை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். அவன் ஏதோ வீட்டு விருந்தில் இருந்தான். இந்தப் படத்தை எடுத்துவிடு, நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, கதைக்கு ஒரு ஆள் காட்டிக்கொடுக்கணும் மாப்ள, இல்லாட்டி எப்படி மாட்டுவாங்க என்றான். அப்படியென்றால் உன்னையே வரைந்துகொள் என்றேன். கடைக்காரன் கழற்றிய போனைக் கீழே வைத்துவிட்டான்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், என்னடா சண்டை என்றது. அவனுடைய சித்தி. போனை வாங்கி என்னை உற்றுப் பார்த்தார். அந்தச் சந்துவீட்டுப் பிள்ளையா, வாத்தியாராயிட்டியாமே என்றார். விஷயத்தை அவன் பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னான். சித்தி சிரித்த சிரிப்பில் படம் ஆடியது.

"எவனும் சொல்லலப்பா. ஒவ்வொரு பழத்துக்கும் நாந்தானே குங்குமம் வச்சேன். வாளியில வந்த பழத்துலயும் என் பொட்டு இருந்துச்சு. நான் போட்டத எனக்கே வித்தீங்க."

துடைத்துத்தான் கொடுத்தோம். குடைக்காரன் சட்டையில் துடைத்தான், நானும் துடைத்தேன். காம்புக் குழியில் ஒட்டியிருந்த குங்குமத்தை எவனும் பார்க்கவில்லை. சித்தி பொட்டைக் கண்டதும் அத்தானிடம், அதாவது மாடிக்காரனின் அப்பாவிடம், சொல்லியிருக்கிறார். மாடியில் பின்பக்கமாக எட்டிப் பார்த்தால் வாளியும் கயிறும் அதன் நுனியில் நானும். தேட என்ன இருக்கிறது?

"அப்புறம் அந்தப் பழத்த என்ன பண்ணீங்க சித்தி?" என்று கேட்டேன்.

"என்ன பண்றது, சப்பரம் வந்துருச்சு. போட்டேன்."

அவர் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். அடுத்த ஆனிக்கு முன்பே பிறந்தவள்.

படத்தை மாற்றிவிடுவதாக அவன் சொன்னான். நான் நம்பவில்லை. ஒரு வாரம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடையைக் கடக்கும்போதெல்லாம், அவனுக்கு முதலில் வந்துவிட்டதோ என்று உள்ளே ஒரு பார்வை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் படம் வந்தது. காதில் சொல்லும் பையனைக் காணோம். முன்னால் பெரிதாக ஒரு மாம்பழம், காம்போரத்தில் சிவப்புப் பொட்டு. அதற்குப் பின்னால் மூன்று பையன்களும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவன் எவனைப் பார்க்கிறான் என்று பெரிதாக்கிச் சரிபார்த்தேன். மூன்று பேருக்கும் சமமாகத்தான் கொடுத்திருந்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்துப் பொத்தான் அப்படியே இருந்தது.

அந்தப் பொத்தானைத் திறந்துவிடு, நான் அப்படிப் போட்டதே இல்லை என்று எழுதினேன்.

"போடுவ மாப்ள," என்று பதில் வந்தது.

கடைக்காரனிடம் கேட்டேன். அவனும் யோசிக்காமல், போடுவ என்றான். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.