அம்மா சாத்திய சன்னல்

பேத்திக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு உதறும்போது கை நழுவித் தெர்மாமீட்டர் உடைந்தது. அவளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்தேன். மருமகள் துடைப்பத்தோடு வந்தாள்.

"கூட்டாதே!" என்று கத்தியே விட்டேன்.

சிறுவயதில் ஏற்காட்டு எஸ்டேட் வீட்டிலும் இப்படித்தான் உடைந்தது. தம்பிக்குக் காய்ச்சல். மழைக் குளிருக்குச் சன்னலைச் சாத்தி, ஒற்றை அறையின் நடுவில் கணப்புச் சட்டி வைத்திருந்தோம். தரையில் உருண்ட வெள்ளி முத்துகளைக் கண்ணாடித் தூளோடு கூட்டி, அம்மா கணப்பில் கொட்டினாள். நெருப்புக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

விடிந்ததும் அம்மாவுக்கு ஓயாத இருமல், மூச்சு வாங்கியது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்தார். தெர்மாமீட்டர் உடைந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க, அந்தப் பாதரசத்தை என்ன பண்ணுனீங்க?"

"சுத்தமாக் கூட்டிக் கணப்புல கொட்டிப் போட்டனுங்க. புள்ளைங்க காலுல கண்ணாடி குத்தீரக் கூடாதில்லீங்க."

அவர் பாய்ந்து சன்னலைத் திறந்தார். "சூடு பட்டா அது ஆவியா நெஞ்சுக்குள்ள போயிருமுங்க. எல்லாரும் வெளிய வாங்க!"

சேலத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து அம்மா பிழைத்தாள். ஆனால் கம்பவுண்டர் சொன்னதைக் கடைசிவரை நம்பவில்லை. "குளுரு நெஞ்சுல எறங்கீருச்சு. சன்னல நேரத்தோட சாத்தியிருக்கோணும்" என்பாள்.

இப்போது கெட்டி அட்டையால் பாதரச முத்துகளை ஒன்றுசேர்த்து, கண்ணாடிப் பாட்டிலில் இட்டு இறுக மூடினேன்.

"மழைக் காத்து நொம்பக் குளுருதுங்க அத்தை. சன்னலச் சாத்தட்டுங்களா?" என்றாள் மருமகள்.

நான் எழுந்துபோய் வாசல் கதவையும் திறந்து வைத்தேன்.